கிழியாத புத்தகம்

எங்கள் டூல் ரூமில் சாமான் வாங்க வேண்டுமென்றால் டோக்கன் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவர் எண்ணையும் அடித்த பித்தளை வில்லைகள் அவரவரிடம் இருக்கும். காலையில் ஜன்னலில் வில்லையை நீட்டினால் ஸ்பேனர் வரும். சாயங்காலம் ஸ்பேனரை நீட்டினால் வில்லை திரும்ப வரும். அந்த ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். சவூதி அரேபியாவின் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் பிளான்ட், நான் ஃபிட்டர், அவர் டூல் கீப்பர். கேம்ப்பில் ஒரே அறை, எதிரெதிர்க் கட்டில். அவர் அரியலூர்ப் பக்கம், நான் சிவகங்கைப் பக்கம். வயதில் மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே கூப்பிடுவேன்.

நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ஜன்னலில் அவரைப் பார்த்தால் எரிச்சல் வரும். உயரத்தில் ஒரு குழாய் மூட்டின் ஃபிளாஞ்சை இறுக்கிக்கொண்டிருப்போம், இன்னும் ரெண்டு போல்ட் பாக்கி இருக்கும், பஸ் நேரம் வந்துவிடும். போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்சை ஒரு ராத்திரி நம்மிடம் விட்டால் காலையில் நேரே போய் முடித்துவிடலாம். விடமாட்டார்.

"யல்லா, டைம் ஆச்சு. சாமானைக் குடு."

"அண்ணே, ரெண்டே ரெண்டு போல்ட்டுண்ணே. காலையில மொதல்ல உங்க ஜன்னல்ல நிக்கணும், அப்புறம் மறுபடி மேல ஏறணும்."

"ரெண்டோ இருபதோ. நைட் டூட்டிக்காரன் வந்து கேட்டா நான் என்ன, என் கையையா கழட்டிக் குடுப்பேன்? நாளைக்கு வந்து திரும்ப வாங்கிக்க, யாரு வேணாங்குறா?"

அறையிலும் இதே கதைதான். இஸ்திரிப் பெட்டியைச் சூடு ஆறுவதற்குள் இடத்தில் வைக்க வேண்டும். அவருடைய நகவெட்டியை நான் ஒருநாள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கிவிட்டேன் என்பதற்காக, வாரம் முழுக்க என்னைக் 'களவாணி' என்று கூப்பிட்டார். அடுத்தவன் ஒருவன் காத்திருப்பான் என்ற நினைப்பு அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. அந்த அடுத்தவன் இருக்கிறானா இல்லையா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அண்ணிக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்த வருடத்தில்தான் நான் அந்த அறைக்கு வந்தேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் பெரிய ஊசி ரெண்டைக் குத்திக்கொண்டு, நான்கு மணி நேரம் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும். அண்ணி அதை வெறுத்தார். வலிகூடப் பரவாயில்லை, பக்கத்துக் கட்டிலில் போன வாரம் இருந்தவர் இந்த வாரம் இல்லாமல் போவதைப் பார்க்க முடியவில்லை என்பாராம். ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் பஸ் இல்லை, ஒரு நாள் வீட்டில் விருந்தாளி. ஏதாவது சொல்லிப் போகாமல் இருந்துவிடுவார். காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள்தான் அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் போடும்.

அண்ணன் இங்கிருந்து என்ன செய்ய முடியும்? திட்டுவார். கெஞ்சுவார். அப்புறம் பேச ஒன்றும் இருக்காது. கல்யாணமான காலத்திலிருந்து அவர் இங்கே, அவர் மனைவி அங்கே. லீவில் போன மாதங்களையெல்லாம் கூட்டிப்பார்த்தால்கூட ஒரு குடித்தனம் தேறாது. "சாப்புட்டியா?" "ம்." "மாத்திரை போட்டியா?" "ம்." பிறகு ரெண்டு பக்கமும் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்காத மாதிரி நடிப்பேன். ஆறு பேர் இருக்கும் அறையில் எல்லாருமே நல்ல நடிகர்கள்.

என் தங்கை கல்யாணமாகிக் குளிர் நாடு ஒன்றில் இருக்கிறாள். அவள் ஊர்ப் பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களை மின்நூலாகவும் வைத்திருந்தார்கள். நான் கொஞ்சம் படிக்கிறவன் என்பதால் தன் கார்டு எண்ணை எனக்குக் கொடுத்து, செயலியை என் போனில் போட வைத்தாள். அது சட்டப்படி சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். பாலைவனத்தில் தமிழ் எழுத்து கிடைத்தால் அனுமதிச் சீட்டா பார்ப்பார்கள்? ஒரு வெள்ளிக்கிழமை நான் அதில் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பெயரைச் சொல்ல எனக்கு மனமில்லை. புருஷன் செத்த பிறகு கொழுந்தன்மார் பிடுங்கிக்கொண்ட கிணற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போகும் ஒருத்தியின் கதை. நல்ல விறுவிறுப்பு. அறையில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள், நான் ஒரு அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன்.

அண்ணன் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஊசியை நிறுத்திவிட்டு, "தம்பி, இது அவளுக்குப் புடிக்கும்டா" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் போனிலும் செயலியைப் போட்டு, தங்கை கார்டில் சேர்த்துக் கொடுத்தேன். டூட்டி முடிந்து குளித்துவிட்டு வந்ததும் அண்ணன் ஏசியை அணைப்பார், இல்லாவிட்டால் அதன் உறுமல் பதிவில் ஏறிவிடும். ஜூலை மாத ஜுபைலில் ஏசியை அணைத்துவிட்டு ஐந்து ஆண்கள் பனியனோடு வியர்த்து வடிந்து கதை கேட்டோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அண்ணன் எட்டாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், நீளமான வார்த்தையில் முட்டி நிற்பார், திரும்ப முதலிலிருந்து எடுப்பார். "கியர் மாத்துங்கண்ணே" என்று கிண்டல் செய்வோம். அதுவும் சேர்ந்தே பதிவாகும்.

பதிவு செய்ததை உடனே அனுப்பமாட்டார். அங்கேதான் மனிதர் கெட்டிக்காரர். மறுநாள் அண்ணி டயாலிசிஸ் கட்டிலில் படுத்து, கையில் ஊசி ஏறியதை மகள் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். பிளான்ட் வேலிக்குள் போன் கூடாது; டூல் ரூம் வேலிக்கு வெளியே இருந்ததால் அவர் ஒருவர்தான் டூட்டியில் போன் வைத்துக்கொள்ள முடியும். போட்டோ வந்ததும்தான் அத்தியாயம் போகும். ஊசி இல்லையென்றால் கதை இல்லை.

அண்ணி போக ஆரம்பித்தார். தலைவலியோடு போனார், மழையோடு போனார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அதைவிட அதிசயம், அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். சாயங்காலம் அண்ணியின் பதில் வரும், அண்ணன் ஸ்பீக்கரில் போடுவார்.

"ஏங்க, அந்த வக்கீல் சரியில்லைங்க. கொழுந்தன்காரன்கிட்ட கை நீட்டிட்டான்னு தோணுது. பாத்துக்கிட்டே இருங்க."

"ஒனக்கு யாரத்தான் நம்பிக்கை? அவன் பாவம், புள்ளகுட்டிக்காரன்."

"உங்களுக்கு எல்லாரும் பாவம். கெணறு போனா தெரியும்."

அடுத்த அத்தியாயத்தில் வக்கீல் விலைபோனான். அண்ணி அனுப்பிய பதிவில் பேச்சே இல்லை, சிரிப்பு மட்டும்தான். அண்ணன் அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சிரிப்பு மனப்பாடம்.

மொத்தமாகப் படித்துப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் ஒருநாள் சொன்னேன். கையில் இருந்தால் மனசு கேட்காது, அவள் கெஞ்சினால் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவேன், அப்புறம் அடுத்த வாரம் போகமாட்டாள் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். ஒரு அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் அன்றைக்கே புத்தகத்தை நூலகத்துக்குத் திருப்பிவிடுவார். 'ரிட்டர்ன்' என்ற பொத்தானை அழுத்தி, புத்தகம் மறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ஏசியைப் போடுவார். அடுத்த முறை மறுபடி எடுப்பார்.

"மூணு வாரம் நம்மகிட்டயே வச்சுக்கலாம்ணே. யாரும் கேக்கமாட்டாங்க."

"ஒரே காப்பிதான்னு ஒன் தங்கச்சி சொல்லுச்சுல்ல? நம்ம கையில இருக்கும்போது இன்னொருத்தருக்குக் கெடைக்காது. அந்தக் குளுருல எந்தப் பொம்பள புள்ளய தூங்க வச்சுட்டு இதத் தேடுதோ."

உண்மைதான். மின்நூல் என்றாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எடுக்க முடியும், பதிப்பாளர் அப்படித்தான் விற்றிருந்தார். ஆயிரம் பேர் ஒரே நொடியில் படிக்கக்கூடிய ஒன்றை, ஒருவர் கையில் இருந்தால் மற்றவருக்கு இல்லை என்று பூட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அது கோமாளித்தனமாகத் தெரிந்தது. அண்ணனுக்கு அது டூல் ரூம். ஒரு ரெஞ்ச், ஒரு டோக்கன். நான் அதற்குமேல் வாதாடவில்லை.

வழக்கு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. சாட்சிகள் முடிந்து, வாதம் முடிந்து, நீதிபதி தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார். அண்ணி தீர்ப்பைப் பற்றி ஆஸ்பத்திரி நர்சுகளோடு பந்தயம் கட்டியிருந்தார். அன்றைக்கு அண்ணன் குளித்துவிட்டு வந்து, ஏசியை அணைத்துவிட்டு, போனைத் திறந்தார். நாங்களும் பனியனோடு உட்கார்ந்திருந்தோம்.

புத்தகம் இல்லை.

வேறு யாராவது எடுத்திருந்தால் 'காத்திருக்கவும்' என்று வரும். அதுவும் வரவில்லை. பெயரைப் போட்டுத் தேடினேன், எழுத்தாளர் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்படி ஒரு புத்தகம் இருந்த அடையாளமே அந்த நூலகத்தில் இல்லை. 'மாஃபி', அரபியில் 'இல்லை', என்றான் மேல் கட்டில்காரன். அண்ணன் அவனை முறைத்தார். நான் தங்கைக்குச் செய்தி போட்டேன். மறுநாள் அவள் நேரிலேயே போய்க் கேட்டாள். சாயங்காலம் குரல் பதிவு வந்தது. எல்லாரும் காத்துக்கொண்டிருந்ததால் ஏசியை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணா, கேட்டுட்டேன். அவங்க எடுக்கலையாம். பப்ளிஷர் ஒரு மின்நூலை விக்கும்போதே, இத்தனை தடவதான் கடன் குடுக்கலாம்னு கணக்கு வச்சுத்தான் விப்பாங்களாம். அது முடிஞ்சா தானா மறைஞ்சிருமாம். திரும்ப முழு விலை குடுத்து வாங்கணும். தமிழ்ல படிக்கிறவங்க கம்மி, அதனால உடனே வாங்கமாட்டாங்களாம். ஆனா ஒண்ணு சொன்னாங்கண்ணா, இந்தப் புத்தகத்தை நமக்கு முன்னாடி யாருமே எடுத்ததில்லையாம். எல்லாத் தடவையும் என் கார்டுலதான் போயிருக்கு. எடுத்து எடுத்துத் திருப்பிக் குடுத்தது யாருன்னு கேட்டாங்க. ஒவ்வொரு தடவை எடுக்கிறதும் ஒரு கணக்காம். மூணு வாரம் வச்சிருந்தாலும் ஒண்ணுதான், அரை மணி நேரம் வச்சிருந்தாலும் ஒண்ணுதானாம்."

ஏசி அணைத்தே இருந்தது. போட யாருக்கும் தோன்றவில்லை.

அண்ணன் கேட்டார்: "அப்ப நான் திருப்பிக் குடுக்காம வச்சிருந்தா, முடிச்சிருப்பேன்ல?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"எல்லாம் கேட்டுச்சுடா."

காகிதப் புத்தகம் பல கை மாறினால் கிழியும், நூலகம் புதிதாக வாங்கும், பதிப்பாளருக்கு வருமானம் வரும். மின்நூல் கிழியாது. அதனால் கிழிந்ததாக ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இது தங்கை பிறகு எனக்கு விளக்கியது. எழுதியவனும் அச்சிட்டவனும் சாப்பிட வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் என்ன பாலா, நாள் கடந்தால் திரிந்துபோக? செருப்பா, நடந்தால் தேய? முதல் பக்கத்திலிருந்து தீர்ப்பின் வாசல் வரை ஒருவரைக் கூட்டிவந்து, கதவைச் சாத்திவிட்டுப் போக இவர்களுக்கு எப்படி மனசு வந்தது? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் யார் சட்டையைப் பிடிப்பது என்றுதான் தெரியவில்லை. கணக்கு வைத்தவனுக்கு எங்கள் அறை தெரியாது.

தேடாத இடமில்லை. பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். அச்சுப் பிரதி தீர்ந்து காலமாகிவிட்டது, தனி ஆட்களுக்கு மின்நூல் விற்பதையும் நிறுத்திவிட்டோம், இப்போது நூலகங்களுக்கு மட்டும்தான் என்றார் ஒருவர். ரொம்ப மரியாதையாகப் பேசினார். கடைசி அத்தியாயத்தை மட்டும் போனிலேயே படித்துக் காட்ட முடியுமா, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒருவருக்காக, என்று கேட்டேன். அதற்கெல்லாம் எங்களுக்கு அனுமதி இல்லை சார் என்றார். ஊர் நூலகத்தில் மகள் போய்க் கேட்டது. பதிவில் இருக்கிறது, அலமாரியில் இல்லை என்றார்களாம்.

புத்தகம் இல்லாமல் முதல் டயாலிசிஸ் நாள் வந்தது. அண்ணி போய்ப் படுத்தார், போட்டோவும் வந்துவிட்டது. அண்ணன் ஏதோ வேலை என்று சமாளித்தார். அடுத்த முறையும் சமாளித்தார். மூன்றாவது தடவைக்கு முன்னால் நான்தான் சொன்னேன், நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லிவிடுங்கள் அண்ணே, கிணறு அந்தப் பெண்ணுக்கே என்று முடித்துவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது. மனமில்லாமல்தான் ஒத்துக்கொண்டார். ஏசியை அணைத்தோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நீதிபதி வந்தார், கோர்ட் நிறைய கூட்டம், கிணறு அவளுக்கு, தண்ணீர் அவளுக்கு. நாங்களே கைதட்டினோம்.

அண்ணியின் பதில் மறுநாள் சாயங்காலம் வந்தது.

"ஏங்க, இன்னைக்கு ஒரு எடத்துலயும் நீங்க முட்டல. தடங்கலே இல்லாம வந்துச்சு. நீங்க படிக்கலைங்க. நீங்களா சொல்றீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "அப்ப அவளுக்கு எதிராத்தான் தீர்ப்பு வந்துருக்கு. அதான் எங்கிட்ட மறைக்கிறீங்க."

இல்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். நூலகம், பதிப்பாளர், கணக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். யார் நம்புவார்கள்? படித்துக்கொண்டிருந்த புத்தகம் பாதியில் காற்றாக மறைந்துவிட்டது என்று எந்தப் புருஷன் எந்தப் பெண்டாட்டியிடம் சொல்லித் தப்பிக்க முடியும்? வேறு நல்ல கதை இருக்கிறது, படிக்கட்டுமா என்று கேட்டார். அண்ணி பிடிகொடுக்கவில்லை.

"இது முடியாம எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

அடுத்த டயாலிசிஸுக்கு அண்ணி போகவில்லை. தலைவலி. அதற்கடுத்ததற்குப் பஸ் இல்லை. போட்டோ வரும் நேரத்தில் அண்ணன் ஜன்னலில் டோக்கனை வாங்காமல் போனையே பார்த்துக்கொண்டு நிற்பார், வரிசை அப்படியே நிற்கும். போனில் மறுபடி "சாப்புட்டியா", "ம்". மறுபடி ஃபேன் சத்தம். லீவு கேட்டார். பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை நடக்கிறது, முடியட்டும் என்றார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா கையில் வருவதற்குள் அண்ணிக்கு நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. மகள் ஆம்புலன்சில் கூட்டிப்போனது. டூட்டி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணனுக்குச் செய்தி வந்தது. போனை என்னிடம் நீட்டினார், நான் வாங்கிக் கேட்டேன், அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

புத்தகம் நின்றதால்தான் அண்ணி இறந்துபோனார் என்று சொன்னால் டாக்டர்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அந்த நோய்க்குத் தன் கணக்கு உண்டு என்பார்கள். இருக்கலாம். கதை வந்துகொண்டிருந்த வரையில் அவர் ஒருநாளும் தவறவில்லை என்பதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் காரியம் முடித்துவிட்டு அண்ணன் திரும்பி வந்தார். மகள் படிப்பு பாக்கி இருந்ததால் வந்துதான் ஆக வேண்டும். அவர் போனில் அந்தச் செயலி இல்லை. நானும் என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் தங்கை ஒருநாள், அந்தப் புத்தகத்தை மறுபடி வாங்கியிருக்கிறார்கள் என்று சொன்னாள். எனக்குத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ளத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எதிராக வந்திருந்தால் அண்ணியின் சந்தேகம் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். அவள் பக்கம் வந்திருந்தால் அதைவிட மோசம்.

அண்ணன் மறுபடி அதே ஜன்னலில் உட்கார்ந்தார். சில வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் நான் டார்க் ரெஞ்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. டிரைவர் "ஜல்தி பாய், ஜல்தி" என்று கத்தினான். நான் ரெஞ்சை ஜன்னலில் வைத்தேன். அண்ணன் என் டோக்கனை எடுத்துத் தரவில்லை.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு போல்ட் இருக்குண்ணே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

ரெஞ்சை என் பக்கமாகத் தள்ளினார்.

"வச்சுக்க. முடிச்சிட்டுக் கொண்டா."

"நைட் டூட்டிக்காரன் கேப்பானேண்ணே?"

"கேட்டா இல்லன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.